கேமராக் கண்ணுக்குப் பொட்டு வைப்பவள்

மார்லிஸ் க்ராப்கே என்று சொன்னால் பெர்லினில் பாதிப் பேருக்குத் தெரியாது. பொட்டு வைக்கிற அம்மா என்று சொல்லிப் பாருங்கள், ஞாயிற்றுக்கிழமை ஆடப் போகிற அத்தனை பேருக்கும் தெரியும். நகரத்தின் கிழக்குப் பக்கம், லிக்டன்பெர்க்கில், சலவைக்கூடம் என்றொரு நடன விடுதி. சனிக்கிழமை ராத்திரி தொடங்கும் ஆட்டம் ஞாயிறு சாயங்காலம் வரை ஓயாது. ஞாயிறு காலை பத்து மணிக்கு வாசலில் ஒரு முக்காலியைப் போட்டு மார்லிஸ் உட்கார்ந்துவிடுவாள். உள்ளே போகிறவர்கள் கைபேசியை நீட்ட வேண்டும். அவள் வட்டமான ஒட்டுத்தாளை எடுத்து முன்கண்ணில் ஒன்று, பின்கண்ணில் ஒன்று வைத்துக் கட்டைவிரலால் அழுத்துவாள். நம் பெண்கள் கண்ணாடியில் ஒட்டி வைக்கிற ஸ்டிக்கர் பொட்டு அளவுதான் இருக்கும். அழுத்துகிற அழுத்தில் சில போன்கள் யாருக்காவது தானாக அழைப்பே போட்டுவிடும்.

உள்ளே படம் எடுக்கக் கூடாது. அவ்வளவுதான் சட்டம். வங்கி மேலாளர் மினுமினுப்புச் சட்டை போட்டுக்கொண்டு ஆடலாம், ஆணும் ஆணும் கட்டிக்கொண்டு ஆடலாம், ஆடத் தெரியாதவன் கண்ணை மூடிக்கொண்டு கோணல்மாணலாகக் குதிக்கலாம். திங்கட்கிழமை அதைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது. இந்த நகரத்தில் இதைக் கோயில் ஆசாரம் மாதிரி காப்பாற்றுவார்கள். அதிலும் மார்லிஸ் காப்பாற்றுவது தனி ரகம். ஒருமுறை தொலைக்காட்சிக்காரன் ஒருவன் சட்டைப் பொத்தானில் கேமராவை ஒளித்துக்கொண்டு வந்தான். அவன் சட்டையின் ஆறு பொத்தானுக்கும் பொட்டு வைத்து உள்ளே அனுப்பினாள்.

இன்னொரு முறை ஒரு ஜோடி ஆடுகளத்திலேயே கல்யாணம் செய்துகொண்டது. ஒரே ஒரு படம் எடுத்துக்கொள்கிறோம் என்று மணப்பெண் கெஞ்சினாள்.

"கல்யாணம் உனக்கா, உன் போனுக்கா? போம்மா, போய் ஆடு" என்று சொல்லிவிட்டாள் மார்லிஸ்.

அந்தக் கட்டடத்தின் மேல் அவளுக்கு இருந்த உரிமை இன்று நேற்று வந்ததல்ல. அது நிஜமாகவே சலவைக்கூடமாக இருந்த காலத்தில், பதினெட்டு வயதில், அங்கே இஸ்திரி போடும் வேலைக்குச் சேர்ந்தாள். ஊரில் இருந்த ஆஸ்பத்திரி விரிப்புகள் எல்லாம் அங்கேதான் வரும். விடியற்காலை ஐந்தரைக்கு ஆவி பறக்கும் கூடத்தில் நாற்பது பெண்கள் நின்று இஸ்திரி போட்டுக்கொண்டே பாடுவார்கள், கிண்டல் அடிப்பார்கள், மேலாளரை வைவார்கள். பன்னிரண்டு வருஷம். மதில் விழுந்து, நாடே ஒன்றான பிறகு, 1991 ஜூன் மாதக் கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை கூடத்தைப் பூட்டினார்கள். நாற்பது பேரும் நாற்பது திசைக்குப் போனார்கள். சேர்ந்து நின்று ஒரு படம்கூட எடுத்துக்கொள்ளவில்லை. யாருக்குத் தோன்றியது!

அதன் பிறகு மார்லிஸ் எங்கெங்கோ வேலை பார்த்தாள், பாதி நாள் வேலையே இல்லாமல் இருந்தாள். பத்து வருஷம் கழித்து அந்த வழியாகப் போனபோது உள்ளே விளக்கு எரிவதைப் பார்த்து விடுவிடுவென்று நுழைந்தாள்.

"அது என் இஸ்திரி மேஜை! அதுமேல எவன்டா பாட்டுப் பொட்டியத் தூக்கி வச்சது?"

வைத்தவன் வோல்கான். பெர்லினிலேயே பிறந்த துருக்கிக்காரன். அப்போது இருபத்தாறு வயது, கையில் காசு கிடையாது, கனவு மட்டும் வண்டி வண்டியாக இருந்தது. அவன் பயந்துபோய் பெட்டியை இறக்கி, "மன்னிச்சிருங்கக்கா. ஒரு காபி போடட்டுமா?" என்றான். அன்றிலிருந்து அவள் அங்கேதான். முதலில், வருகிறவர்களின் கேமராக்களை வாங்கி வைத்தாள், பிறகு போனுக்கெல்லாம் கண் முளைத்ததும் பொட்டுக்கு மாறினாள். அந்த வாரம் யார் யார் இசை என்பதை வாசல் பலகையில் சுண்ணக்கட்டியால் எழுதுவதும், திங்கட்கிழமை ஈரத்துணியால் பளிச்சென்று துடைப்பதும் அவள்தான்.

இருபத்திரண்டு வருஷம் இப்படிப் போனது. அப்புறம் அந்தக் கடிதம் வந்தது.

பக்கத்துக் காலி மனையில் ஒரு கட்டுமான நிறுவனம் நூற்றிருபது வீடு கட்டப் போகிறது. 'உயிர்த்துடிப்புள்ள இளமையான வட்டாரம்' என்று வீடு வாங்குகிறவர்களுக்கு விளம்பரம். அந்த உயிர்த்துடிப்பை இழுத்து மூடச் சொல்லி வட்டார மன்றத்துக்கு ஒரு மனு. எப்படி இருக்கிறது பாருங்கள்! சட்டப் புத்தகத்தில் நடன விடுதியும் சூதாட்ட இயந்திரக் கடையும் ஆடை அவிழ்ப்பு ஆட்டம் நடத்தும் இடமும் ஒரே வரிசையில் 'கேளிக்கை இடம்'. அதை எப்போது வேண்டுமானாலும் கிளப்பிவிடலாம். நாடகக் கொட்டகை, இசைமன்றம் என்றால் 'பண்பாட்டு இடம்'. அதைத் தொட முடியாது. சலவைக்கூடம் பண்பாட்டு இடம்தான் என்று நிரூபித்தால் பிழைக்கும். இருபது வருஷமாக அங்கே யார் யார் வந்தார்கள், என்ன இசை, எப்படி நடந்தது என்பதற்கு ஆதாரம் வேண்டும். ஆறு வாரம் அவகாசம்.

கோட்டு மாட்டும் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். மூன்றாவது ஆள் யாத்விகா, அந்த அறையைப் பார்த்துக்கொள்ளும் போலந்துக்காரி. மார்லிஸின் வயதுதான். இருவரும் நாள் முழுக்கச் சண்டை போடுவார்கள், ஒருத்தி வராவிட்டால் மற்றவளுக்குச் சோறு இறங்காது.

"அக்கா, ஒரு போட்டோ" என்றான் வோல்கான். "ஒரே ஒரு போட்டோ யார்கிட்டயாவது இருக்குமா?"

"எப்படிடா இருக்கும்? நான் என்ன அங்க சும்மாவா உக்காந்திருந்தேன்?" என்றாள் மார்லிஸ் பெருமையாக.

"நோட்டீஸ்?"

"அடிக்கவே இல்லையே. பலகைதான்."

"பலகையில எழுதினது?"

"தொடச்சிட்டேன்." இதைச் சொல்லும்போது பெருமை கொஞ்சம் குறைந்திருந்தது.

"பேஷ்" என்றாள் யாத்விகா. "இந்த ஊர்ல சாட்சியே இல்லாம கொலை பண்ணணும்னா உன்னத்தான்டி கூப்பிடணும்."

மார்லிஸ் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது தன் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் தடவை கூடத்தை யாரோ பூட்டினார்கள். இந்தத் தடவை தன் கட்டைவிரலே பூட்டிவிட்டதோ? ஒரே கட்டடத்தை ஒருத்தி எத்தனை தடவைதான் இழப்பாள்?

சரி, ஆதாரம் இல்லையென்றால் ஆளைக் காட்டுவோம் என்று போராட்டத்தில் இறங்கினார்கள். வோல்கான் முதல் ஆர்ப்பாட்டத்தைத் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வைத்தான். திங்கட்கிழமை! காலை! ஏழு பேர் வந்தார்கள். அதில் நாலு பேர் சனிக்கிழமையிலிருந்து தூங்காதவர்கள். ஒருவர் பஸ்ஸுக்கு நின்றவர்.

அடுத்து கையெழுத்து வேட்டை. மார்லிஸ் சந்தையிலும் ரயில் நிலைய வாசலிலும் நின்று நாலாயிரம் கையெழுத்து வாங்கினாள். போடாமல் நகர்ந்தவர்களைத் துரத்தித் துரத்தி வாங்கினாள். சலவைக்கூடத்து ஆட்களிடமும் தாளைச் சுற்றுக்கு விட்டாள். அவர்களோ நிஜப் பெயரை எங்கும் எழுதிப் பழகாதவர்கள். 'டாக்டர் டமால்', 'ஞாயிற்றுக்கிழமைப் பூனை', 'சின்ன ராட்சசி' என்று எழுதிக் கொடுத்தார்கள். மன்றத்தில் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்தைத் தள்ளிவிட்டார்கள்.

கடைசியாக ஒரு சனிக்கிழமை மதியம் ஊர்வலம். இது பிரமாதமாக நடந்தது. லாரியில் ஒலிபெருக்கி, பின்னால் மூவாயிரம் பேர், பிள்ளைவண்டி தள்ளிக்கொண்டு வந்த பழைய ஆட்டக்காரர்கள், நாலு பத்திரிகையிலிருந்து படம் பிடிப்பவர்கள். வோல்கானுக்குக் கண்ணே கலங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து மார்லிஸ் மேல்கோட்டுப் பையில் கையை விட்டாள். கேமராவைப் பார்த்ததும் கை தானாகப் போய்விட்டது. கூட்டத்துக்குள் புகுந்து புகுந்து நாலு பேருடைய கேமராவுக்கும் கனகச்சிதமாகப் பொட்டு வைத்துவிட்டாள். வோல்கான் ஓடி வருவதற்குள் ஒருவன் கோபித்துக்கொண்டு போய்விட்டான், மற்ற மூன்று பேரும் லென்ஸில் பசையைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். மறுநாள் பத்திரிகைகளில் ஆளுக்கு நாலு வரி வந்தது, படம் இல்லை.

"அக்கா" என்றான் வோல்கான், தலையில் கையை வைத்துக்கொண்டு. "நீங்க எங்க பக்கமா, அவங்க பக்கமா?"

"பழக்கம்டா" என்றாள். அன்று ராத்திரி அழுதாள்.

விசாரணை ஒரு வியாழக்கிழமை காலை, வட்டார மன்றக் கட்டடத்தில். குழுத் தலைவி ஹென்ஷெல் அம்மாள், மூக்குக்கண்ணாடி போட்ட, தூக்கம் வராத முகம். வோல்கான் பேசினான். கையில் ஆதாரம் என்று எதுவும் இல்லாததால் சுதந்திரம், மனித மனம் என்று பேசினான். தலைவி இரண்டு முறை கடிகாரத்தைப் பார்த்தாள்.

பிறகு நிறுவனத்தின் வக்கீல் எழுந்து தன் சாட்சியைக் கூப்பிட்டார். சாட்சியைப் பார்த்ததும் மார்லிஸ், "செத்தோம்" என்றாள். சலவைக்கூடத்துக்கு நேர் எதிர் வீட்டு இரண்டாம் மாடிக்காரர், எக்பெர்ட் வூட்கே. எழுபத்தொன்பது வயது. ரயில்வேயில் கால அட்டவணை போடும் பிரிவில் ஆயுள் முழுக்க வேலை பார்த்தவர். இருபத்திரண்டு வருஷமாக ஞாயிறு தவறாமல் ஜன்னலைத் திறந்து "சத்தம்!" என்று கத்துவார். கீழேயிருந்து மார்லிஸ், "பஞ்சு வச்சுக்கோய்யா!" என்று கத்துவாள். அதுதான் அவர்களுக்குள் இருந்த மொத்தப் பேச்சுவார்த்தை.

கிழவர் ஒரு சக்கரப் பையிலிருந்து பதினேழு தடி நோட்டுகளை எடுத்து மேஜையில் அடுக்கினார். எல்லாம் சத்தக் குறிப்பேடு. அண்டை வீட்டுச் சத்தத்தை நிமிஷக் கணக்காக எழுதி வைத்துப் புகார் கொடுப்பது அந்த நாட்டில் சகஜம். ஆனால் பதினேழு நோட்டு யாரும் எழுதியதில்லை. அவர் நடுவிலிருந்து ஒரு நோட்டைப் பிரித்து, ரயில் அறிவிப்புக் குரலில் வாசித்தார்.

"2009 மார்ச் 8, ஞாயிறு. காலை 11.05 முதல் தாழ்ந்த தாளம். நிமிடத்துக்கு நூற்றிருபத்தாறு அடி. அலமாரியில் நாலாவது கோப்பை நடுங்கியது. இசைப்பவர், வாசல் பலகையின்படி, டெட்ராய்ட்டிலிருந்து வந்த ஒருவர். பலகையைத் தொலைநோக்கியில் வாசித்தேன். முழு நிரலும் கீழே."

முழு நிரலையும் வாசித்தார். பெயர், ஊர், தொடங்கிய நேரம், முடித்த நேரம்.

"2013 செப்டம்பர் 15, ஞாயிறு. மதியம் 2.40. தாளம் நின்றது. கைதட்டல் நாலு நிமிடம். கல்யாணம் போலிருக்கிறது. ஒரு அம்மாள் தனியாகப் பாடினாள். சுருதி சேரவில்லை. பாடிய விதம் நன்று."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். கிழவர் கண்டுகொள்ளவில்லை.

"2016 நவம்பர் 6, ஞாயிறு. போன வாரம் வாசித்த லிஸ்பன் பெண்ணுக்குப் பதிலாக இன்று வேறொருவர். தரம் குறைவு. புகார் செய்ய வேண்டும்."

தலைவி கண்ணாடியைக் கழற்றினாள். "ஐயா, நீங்க சத்தத்தப் பத்திப் புகார் சொல்றீங்களா, தரத்தப் பத்திப் புகார் சொல்றீங்களா?"

"ரெண்டும்" என்றார் வூட்கே.

மார்லிஸுக்கு முதலில் உறைத்தது. எழுதி அழித்த பலகை ஒவ்வொன்றும், வாரம் தவறாமல், அந்தக் கிழவரின் கையெழுத்தில் உட்கார்ந்திருக்கிறது! யாத்விகாவின் தொடையை நறுக்கென்று கிள்ளிவிட்டு எழுந்தாள்.

"படிங்கய்யா! நிறுத்தாதீங்க! எல்லாத்தையும் படிங்க!"

வக்கீலுக்கும் உறைத்துவிட்டது. பாய்ந்து வந்து கிழவரின் தோளில் தட்டினார். "போதும் பெரியவரே. சத்தம் ஜாஸ்தின்னு ஒரு வரி சொன்னாப் போதும். மிச்சமெல்லாம் குப்பை, யாருக்கு வேணும்?"

வூட்கேயின் காது சிவந்தது. "ஒரு வரியா? தம்பி, இது பதினேழு நோட்டு."

தலைவி நோட்டுகளைக் குழுவிடம் ஆவணமாகக் கொடுக்க முடியுமா என்று கேட்டாள். அது சாட்சியின் சொந்தப் பொருள், திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று வக்கீல் குதித்தார். உடையவர் முடிவு செய்யட்டும், பத்து நிமிடம் இடைவேளை என்றாள் தலைவி. கிழவர் நோட்டுகளைப் பைக்குள் போட்டு, தடதடவென்று இழுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போய்விட்டார்.

மார்லிஸ் பின்னால் ஓடினாள்.

"ஐயா, நில்லுங்க. அந்த நோட்ட உள்ள குடுத்துருங்க. உங்க காலப் பிடிக்கிறேன்."

"எதுக்கு? எல்லார் கேமராவையும் மூடினவ நீ. இப்ப என் கண்ணு வேணுமோ?"

"ஆமா, வேணும். நான் மூடினது தப்பில்லய்யா. உள்ள வர்றவன் பயமில்லாம ஆடினான். ஆனா அதுக்கு இப்படி விலை குடுக்கணும்னு எனக்குத் தெரியாதே. அந்த எடம் போச்சுன்னா எனக்கு வேற எடம் கெடையாது. ஏற்கெனவே ஒரு தடவ போச்சு."

"தெரியும்" என்றார் வூட்கே. "மூணாவது ஜன்னல்."

"என்னது?"

"இஸ்திரிக் கூடத்துல மூணாவது ஜன்னல். அந்தத் தொண்டைய எனக்கு நாப்பது வருஷமாத் தெரியும். பஞ்சு வச்சுக்கோய்யான்னு முதல் தடவ கத்தினப்பவே இவதான்னு எழுதிட்டேன்."

"நாப்பது வருஷமாவா?" என்றாள் மார்லிஸ்.

கிழவர் தாழ்வாரத்துக் கடிகாரத்தோடு தன் கடிகாரத்தை ஒப்பிட்டுப் பார்த்தார். "அந்தத் தம்பி குப்பைன்னு சொன்னான். குறிப்பு யார் பக்கமும் இல்ல. நடந்தது நடந்தபடி இருக்கணும். அவ்வளவுதான்" என்று சொல்லிவிட்டுப் பையைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். பதினேழையும் தலைவியின் முன்னால் அடுக்கி, ரசீது கேட்டு வாங்கிக்கொண்டார்.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது. சலவைக்கூடம் பண்பாட்டு இடம். கதவுக்கு இன்னொரு கதவு போட வேண்டும், சுவருக்குத் தடுப்பு வைக்க வேண்டும் என்று நிபந்தனைகள். அந்தச் செய்தி வந்த அன்று யாத்விகா மார்லிஸைக் கட்டிப்பிடித்து, "இருபத்திரண்டு வருஷமா அந்த மனுசனுக்குப் பஞ்சு வச்சுக்கச் சொன்னியேடி, வச்சிருந்தா என்ன ஆயிருக்கும்!" என்றாள்.

அடுத்த ஞாயிறு மதியம் மூன்றரை மணிக்கு வாசலில் நீள வரிசை. வரிசையில், மினுமினுப்புச் சட்டைக்காரர்களுக்கும் தோல் காற்சட்டைக்காரர்களுக்கும் நடுவில், கோட்டும் டையுமாக வூட்கே. முறை வந்ததும் போனை நீட்டினார். பழைய பொத்தான் போன், கேமராவே கிடையாது. மார்லிஸ் ஒரு பொட்டை எடுத்து அதன் முதுகில் வைத்தாள்.

"இதுக்குக் கண்ணே இல்லயே" என்றார்.

"எல்லாருக்கும் உண்டு. உங்களுக்கு மட்டும் தனிச் சட்டமா?"

அவர் கைப்பையிலிருந்து ஆறு நோட்டுகளை எடுத்து அவள் மடியில் வைத்தார். தாள் பழுத்துப்போன பழைய நோட்டுகள். "இது அந்தப் பதினேழுல சேராது. இது முந்தினது" என்றார்.

மார்லிஸ் ஒன்றைப் பிரித்தாள்.

"1986 மே 14, புதன். காலை 5.50. சலவைக்கூடத்துப் பெண்கள் பாட்டு. மூன்றாவது ஜன்னல்காரி மற்ற எல்லாரையும் விடச் சத்தம். 6.15. மேலாளரைப் போல் பேசிக் காட்டினாள். எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பு மூன்று நிமிடம். தூக்கம் போயிற்று."

பக்கம் பக்கமாக அதுதான். ஹில்டே பிறந்தநாள் என்று கத்தியது, கொதிகலன் வெடித்தது, புது வருஷத்தன்று வாளியைத் தட்டித் தாளம் போட்டது. எந்தப் படத்திலும் இல்லாத நாற்பது பெண்கள். மார்லிஸ் ஆறாவது நோட்டின் கடைசிப் பக்கத்துக்குப் போனாள்.

"1991 ஜூலை 1, திங்கள். காலை 5.50. சத்தம் இல்லை. ஜன்னலைத் திறந்து பார்த்தேன். 6.10. இல்லை. 6.30. இல்லை. காரணம் தெரியவில்லை. யாரிடம் புகார் செய்வது என்றும் தெரியவில்லை."

அவள் வாசலில் உட்கார்ந்தபடியே அழுதாள். அத்தனை பேர் முன்னாலும், மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதாள். பின்னால் வரிசை சலசலத்தது. உள்ளேயிருந்து வோல்கான் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டான்.

வூட்கே சங்கடமாகத் தொண்டையைச் செருமினார். "மூணு முப்பத்தெட்டுலேர்ந்து வரிசை நகரல" என்றார். பிறகு கோட்டுப் பையைத் தொட்டுக்கொண்டு மெல்லக் கேட்டார். "உள்ள போயி எழுதிக்கலாமா?"

மார்லிஸ் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்தவனின் போனுக்குக் கையை நீட்டினாள்.

"எழுதிக்கோய்யா" என்றாள். "ஒண்ணு விடாம எழுதிக்கோ."